தோற்றவரைத் தேடி ஓடிய மஹோம்ஸ்

கேள்வி:
அமெரிக்கன் ஃபுட்பாலில் 2022 ஜனவரி கன்சாஸ் சிட்டி–பஃபலோ ப்ளேஆஃப் (சீசன் முடிவில் வரும் நாக்-அவுட்) ஆட்டத்தை நேற்று மறுபடி பார்த்தேன். 13 விநாடிதான் மிச்சம், பஃபலோ 36-33 முன்னிலை. அதற்குள் கன்சாஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) மஹோம்ஸ் பந்தை நகர்த்திச் சமன் ஆக்கினார். கூடுதல் நேரத்தில் 42-36 என்று கன்சாஸ் சிட்டி ஜெயித்தது. அதில் பஃபலோவின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் கைக்குப் பந்தே வரவில்லை. மஹோம்ஸ் கொண்டாட்டத்தை விட்டு நேராக ஆலனைத் தேடி ஓடிக் கட்டிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது எனக்கு. சீசன் முடிவில் இப்படி வேறு எதையாவது பார்த்திருக்கிறீர்களா?

பதில் 1:
அணைப்பு அழகுதான். ஆனால் டாஸ் தோற்றதற்காக ஒரு குவார்ட்டர்பேக் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது என்ன நியாயம்? அதே வருஷம் விதியை மாற்றினார்கள், ப்ளேஆஃபில் இரு அணிக்கும் பந்து உண்டு என்று. எனக்கு அதுதான் ஆறுதல்.

பதில் 2:
2023 ஜனவரி 2, சின்சினாட்டி. பஃபலோவின் டமார் ஹாம்லின் இதயம் நின்று மைதானத்திலேயே சாய்ந்தார். சின்சினாட்டி அணியான பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவும் மற்ற கேப்டன்களும் எதிரணியின் அறைக்கே போய் நின்றார்கள். ப்ளேஆஃப் வரிசையையே தீர்மானிக்க வேண்டிய ஆட்டம், கடைசிவரை நடக்கவேயில்லை.

கேள்வி கேட்டவர்:
ஆமாம், அன்று தூங்கவே இல்லை. அடுத்த சீசனில் ஹாம்லின் திரும்ப ஆட வந்தபோதுதான் மனசு அடங்கியது.