பழைய கார் ஈசியூவுக்கு (இஞ்சினை கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) கரண்டு குடுத்தா ஒண்ணுமே நடக்கல, அவசரம்

அல்சூர்_மாடித்தோட்டம்
மக்களே, மாமா காரை ஸ்கிராப்புக்குப் போட்டாரு, ஈசியூவை மட்டும் கழட்டி வச்சுக்கிட்டேன். மாடில சொட்டுநீர் வால்வு நாலு இருக்கு, ஈசியூல பெட்ரோல் பீச்சற இஞ்செக்டருக்குப் போற லைனும் நாலு, அதுல வால்வை மாட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு பாத்தேன். 12 வோல்ட் குடுத்தாச்சு, ஓபிடி (ஈசியூகிட்ட பேசற டயக்னாஸ்டிக் சாக்கெட்) கனெக்டே ஆகல. செத்துப்போச்சா? ஞாயித்துக்கெழம ஊருக்குப் போறேன், அதுக்குள்ள ஓடணும்.

ஜேசிரோடு_ஜெகன்
எந்த கார்? பெட்ரோலா டீசலா? எந்தெந்த பின்ல குடுத்தீங்க?

பழையடீசல்
ஓபிடில சொருகற அடாப்டர்தான் பிரச்சன. இஎல்எம்327-னு சீப்பா விக்கிறதுல முக்காவாசி டூப்ளிகேட், எழுதி வச்சுக்கோங்க.

அல்சூர்_மாடித்தோட்டம்
பெட்ரோல். போஷ்னு போட்ருக்கு. சிவப்பு ஒயர்ல குடுத்தேன்.

ஓம்ஸ்லா
தம்பி, போஷ்னா போதுமா? ஸ்டிக்கர்ல 0261-ல ஆரம்பிக்கற நம்பர் இருக்கும், அத வச்சு எந்த பின் எதுக்குன்னு காட்டற பின்அவுட் தேடாம சிவப்பு ஒயர்னு வந்து நிக்கறீங்க. வாராவாரம் இதே கேள்வி, வேற வேற ஆளு.

ஜேசிரோடு_ஜெகன்
சார் விடுங்க, புதுசா வந்திருக்காரு. ப்ரோ, பேட்டரி லைன் மட்டும் குடுத்தா ஈசியூ தூங்கிட்டுத்தான் இருக்கும். இக்னிஷன் லைனுக்குத் தனியா 12 குடுக்கணும், அப்பதான் முழிச்சு மெயின் ரிலேவை கிரவுண்டுக்கு இழுக்கும், மத்த பின்னுக்கெல்லாம் அந்த ரிலே வழியாத்தான் கரண்டு போகும். ஃப்யூயல் பம்ப் பின்லயும் ஒரு ரிலே மாட்டிப் பாருங்க, இக்னிஷன் குடுத்ததும் டிக்குனு போட்டு ரெண்டு மூணு செகண்ட்ல விட்டுச்சுன்னா உசுரு இருக்கு. இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம ஸ்டார்ட் ஆகவிடாத லாக்) இருக்கற சில வண்டில இதுவும் வராது. அப்புறம் பவரை ஆஃப் பண்ணிட்டு ஓபிடில 6வது பின்னுக்கும் 14வது பின்னுக்கும் (கேன் டேட்டா லைன் ரெண்டு, ரெண்டு முனைலயும் ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும்) நடுவுல மீட்டர் வைங்க, 60 ஓம் வரணும், 120 வந்தா இன்னொரு முனை ரெசிஸ்டர் காரோடவே போயிருச்சுன்னு அர்த்தம், ஒரு 120 ஓம் நீங்களே போட்ருங்க.

கம்மனஹள்ளி_கார்த்தி
மச்சா முழிச்சாலும் வால்வு திறக்காது. இஞ்சின் சுத்துதுன்னு சொல்ற கிராங்க் சிக்னல் வேணும், 60 பல்லுல ரெண்டு பல் இல்லாத சக்கரம் சுத்தற மாதிரி. ஆர்டுயினோல (சின்ன கண்ட்ரோலர் போர்டு) ஆர்டுஸ்டிம்னு போலி கிராங்க் சிக்னல் குடுக்கற ப்ரோக்ராம் போட்டு ஏமாத்தலாம், ஆனா இஞ்செக்டர் திறக்கறது மில்லிசெகண்ட் கணக்கு, உனக்கு பத்து நிமிஷம் திறந்திருக்கணும். உள்ள இருக்கற சாஃப்ட்வேரையே தூக்கணும், அது லாக்.

பழையடீசல்
அப்ப ஆர்டுயினோ, வால்வை ஆன் ஆஃப் பண்ண நாலு மாஸ்ஃபெட் (எலக்ட்ரானிக் ஸ்விட்ச்), நாலு டயோடு, முடிஞ்சுது. எதுக்கு ஈசியூ?

ஓம்ஸ்லா
மாடில மழைல உங்க ஆர்டுயினோ எத்தன நாள் வரும்? ஈசியூ இஞ்சின் சூட்டையே தாங்குன சாமான்.

பழையடீசல்
டேஷ்போர்டு அடில ஏசி காத்துல உக்காந்திருக்கற ஈசியூவும் இருக்கு சார், எல்லாத்தையும் மழைல வைக்க முடியாது. ஆர்டுயினோவ டப்பால போட்டா மழை என்ன பண்ணும்? பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்ல டப்பா கெடைக்கும்.

ஓம்ஸ்லா
எஸ்.பி. ரோடு மாஸ்ஃபெட்டா? மேல எழுதிருக்கறது ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணு.

பழையடீசல்
எல்லா கடையும் அப்படி இல்ல. நான் வாங்குனது இன்னும் ஓடுது.

கம்மனஹள்ளி_கார்த்தி
சண்டை அப்புறம். வால்வுல என்ன எழுதிருக்கு? தோட்ட வால்வு நெறய 24 வோல்ட் ஏசி கரண்டு (பேட்டரி மாதிரி டிசி இல்ல), அதுக்கு ஈசியூவும் ஆகாது மாஸ்ஃபெட்டும் ஆகாது, ரிலே போர்டுதான்.

அல்சூர்_மாடித்தோட்டம்
இக்னிஷன் ஒயர் குடுத்தேன், ரிலே டிக்குனு போட்டு விட்டுச்சு. 120 ஓம் போட்டதும் ஓபிடியும் வந்துருச்சு. வால்வுல 24விஏசின்னுதான் இருக்கு. நன்றி மக்களே.

ஓம்ஸ்லா
பின்அவுட் போட்டோவ இங்க போட்டுட்டுப் போங்க, அடுத்து வர்றவனுக்காவது ஆகும்.

ஜேசிரோடு_ஜெகன்
ஆள் போயாச்சு சார். டீசலண்ணா, அந்த எஸ்.பி. ரோடு கடை எதுன்னு சொல்லுங்க, எனக்கும் மாஸ்ஃபெட் வேணும்.