லூப் பெடல் மிதித்துப் பாடினால் அது நேரடிப் பாட்டு இல்லையா?

நீலாம்பரி:
நேற்று இந்த மன்றத்தின் வேறொரு இழையில் தாளக்கட்டு என்பவர், லூப் பெடல் (காலால் மிதித்தால் அப்போது வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் சின்னக் கருவி) பற்றி இப்படி எழுதிவிட்டுப் போனார்: "தனியாக மேடையேறி லூப் பெடலை மிதித்துப் பாடும் பெண்களை நேரடி இசைக் கலைஞர்கள் என்று சொல்லாதீர்கள். முதல் நான்கு சுற்றுதான் நேரடி. ஐந்தாவது சுற்றிலிருந்து எல்லாம் பதிவு." அதற்கு விருப்பக்குறி போட்டவர்களும் இருக்கிறார்கள். படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

நானே பாட்டு எழுதி, நானே மெட்டுப் போட்டு, ஒன்பது வருடமாக ஒரு பெரிய நகரத்தின் சின்ன அரங்குகளில் பாடி வருகிறேன். கிட்டாரின் உடம்பில் நான் தட்டும் தட்டு, வாயால் போடும் தாளம், அதற்கு மேல் வைக்கும் இரண்டாவது குரல், மூன்றாவது குரல் எல்லாம் அந்த நிமிடத்தில், கேட்பவர் கண் முன்னால் பிறப்பவை. பெடல் அதைப் பிடித்து வைத்துத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். வீட்டிலிருந்து ஓர் ஒலியைக்கூட நான் கொண்டு வருவதில்லை. மிதிப்பதில் ஓர் இமைப்பொழுது பிசகினால் அந்தப் பிசகு பாட்டு முடியும்வரை சுற்றிச் சுற்றி வந்து மானத்தை வாங்கும். தயாராகச் செய்து கொண்டுவந்த பின்னணி இசைப் பதிவை, அதாவது ட்ராக்கை, போட்டுவிட்டுப் பாடுகிறவருக்கு அந்தப் பயம் உண்டா?

2004-இல் பிபிசி தொலைக்காட்சியின் ஜூல்ஸ் ஹாலண்ட் இசை நிகழ்ச்சியில் ராப் பாடகர் நாஸ் விலகிவிட, அந்த இடத்துக்குக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டவர் ஸ்காட்லாந்துப் பாடகி கே.டி. டன்ஸ்டல். ஆல்பமே வராத புதுமுகம். ஒரு கிட்டார், ஒரு பெடல். எல்லாவற்றையும் அங்கேயே அடுக்கிப் பாடினார். அந்த ஒரு பாட்டுதான் அவரை வெளியுலகத்துக்குக் காட்டியது. அதுவும் பதிவா?

தாளக்கட்டு:
ஆமாம், ஐந்தாவது சுற்றிலிருந்து பதிவுதான். "பிடித்து வைத்துத் திருப்பித் தருகிறது" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் பதிவு இல்லாமல் வேறு என்ன?

நான் 22 வருடமாக ட்ரம்ஸ் வாசிக்கிறேன். முதல் சுற்றில் நான் அடிக்கும் அடியும் நாற்பதாவது சுற்றில் அடிக்கும் அடியும் ஒன்றாக இருக்காது. பாடுகிறவர் ஒரு சொல்லில் நின்று மூச்சு வாங்கினால் ஒரு நூல் தளர்த்துவேன். கூட்டம் எழுந்தால் நானும் எழுவேன். பெடல் தளர்த்துமா? எழுமா? பாடகிதான் பெடலுக்குப் பின்னால் ஓட வேண்டும். அது எப்படி நேரடி ஆகும்?

சபைக்குருவி:
தாளக்கட்டு அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் "பெண்களை" என்று ஏன் எழுத வேண்டும்? பெடலை ஆண்கள் மிதிப்பதில்லையா?

நீலாம்பரி:
அதைத்தான் நானும் கேட்க வந்தேன், சபைக்குருவி. 2015 ஜூலையில் இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் லண்டன் வெம்ப்ளி அரங்கில் மூன்று இரவுகள், பின்னால் வாத்தியக் குழு இல்லாமல், கிட்டாரும் லூப் பெடலும் வைத்துப் பாடினார். ஊரே மெச்சியது. "தனி ஆளாக அரங்கை நிரப்பினான்" என்று எழுதினார்கள். அதையே ஒரு பெண் அறுபது பேர் உட்காரும் அறையில் செய்தால் "இது நேரடி இல்லை" என்கிறீர்கள். ஆண் செய்தால் திறமை, பெண் செய்தால் ஏமாற்றா?

தாளக்கட்டு:
அரைக்கதை சொல்லாதீர்கள். அதே ஷீரனை 2017 கிளாஸ்டன்பரி இசை விழாவில் "பின்னால் ட்ராக் ஓடுகிறது" என்று டிவியில் பார்த்தவர்கள் விளாசித் தள்ளினார்கள். அவரே "எல்லாம் நேரடி, இது லூப் ஸ்டேஷன்" என்று விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. ஆண், பெண் என்று நான் பார்க்கவில்லை. ஐந்தாவது சுற்று யாருடையதாக இருந்தாலும் பதிவு பதிவுதான்.

நீலாம்பரி:
அவர் ஒரு தடவை விளக்கம் சொன்னார், உலகம் ஏற்றுக்கொண்டது. நான் ஒவ்வொரு மேடையிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதிய வரியில் "பெண்களை" என்ற சொல் இருக்கிறது. அதை நான் சேர்க்கவில்லை.

ஒலிப்பலகை:
மிக்சருக்கு (ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் பலகைக்கு) பின்னால் நிற்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நேரடியா பதிவா என்பது எனக்குப் பிரச்சினை இல்லை. லூப் வைத்துப் பாடுகிறவர்கள் குரல், கிட்டார், தாளம் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் கட்டி என்னிடம் அனுப்புகிறார்கள். உள்ளே என்ன கூடிவிட்டது என்று எனக்குத் தெரியாது. அடுக்கு ஏற ஏறக் கீழ்ஸ்தாயி வீங்கி, குரல் அடியில் போய்விடும். அப்புறம் "சவுண்ட் சரியில்லை" என்று பழி என் தலையில். குரலுக்குத் தனி கேபிள், லூப்புக்குத் தனி கேபிள் என்று கொடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

நீலாம்பரி:
தனி கேபிள் நியாயம்தான், நான் அப்படித்தான் கொடுக்கிறேன். ஆனால் சவுண்ட் என்ஜினியர்களைப் பற்றி எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் அரங்கில் கிட்டார் பெட்டியும் பெடலும் தூக்கிக்கொண்டு சவுண்ட் செக்குக்கு (நிகழ்ச்சிக்கு முந்தைய ஒலிச் சோதனைக்கு) போனேன். மிக்சரில் இருந்தவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து "வாசிக்கிறவர் எப்போது வருவார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "பாடுவது நீங்கள், சரி, வாசிப்பது யார்?" என்றார். இரண்டு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்த சவுண்ட் செக் ஆறு நிமிடம். எனக்குப் பின்னால் வந்த நான்கு ஆண்கள் குழுவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்.

ஒலிப்பலகை:
நான்கு பேர், ஒரு ட்ரம் செட். அதற்கு மட்டும் எட்டு மைக் வைக்க வேண்டும். நேரம் ஆகத்தான் செய்யும். யாரோ ஒருத்தர் செய்ததற்கு எங்கள் எல்லோரையும் இழுக்க வேண்டாம். போன வருடமும் இதே போல மானிட்டர் (பாடுகிறவருக்கே அவர் குரல் கேட்க மேடையில் வைக்கும் ஒலிபெருக்கி) பற்றி எழுதி எங்களைத் திட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

நீலாம்பரி:
திட்டினேன், இன்றைக்கும் திட்டுவேன். மானிட்டரில் என் குரல் கேட்காமல் லூப் சுற்றின் முனையை எப்படிப் பிடிப்பது?

பழையபாட்டு:
இவ்வளவு சண்டை எதற்கு? 1988 ஜூன் 11, வெம்ப்ளி. மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாள் நிகழ்ச்சி. அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டருடைய கருவியின் ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது. அது இல்லாமல் முடியாது என்று அவர் அந்த நேரத்தில் மேடையேறாமல் திரும்பினார். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு கிட்டாரோடு வந்து நின்றவர் பாடகி டிரேசி சாப்மன். பெடலும் இல்லை, குழுவும் இல்லை. அரங்கமே அடங்கிப்போய்க் கேட்டது. அதுதான் நேரடி. கருவியை நம்பினால் டிஸ்க் தொலைந்த அன்றைக்குக் கதை முடிந்தது.

தாளக்கட்டு:
பழையபாட்டு ஐயா, நூற்றுக்கு நூறு. இதைத்தான் நான் சொல்லி வருகிறேன்.

நீலாம்பரி:
ஐயா, அந்தக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். டிரேசி சாப்மன் அன்று இடைவெளியை நிரப்ப மட்டும் வந்தவர் இல்லை. பகலிலேயே தன் பாட்டுகளைப் பாடி முடித்திருந்தார். மாலையில் இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் பாஸ்டன் பக்கத்தில் ஹார்வர்ட் சதுக்கத்தில் தெருவில் நின்று பாடியவர் அவர். நடந்து போகிறவனை ஒரு குரலால் நிறுத்தப் பழகியவருக்கு வெம்ப்ளி எம்மாத்திரம்? அவருடைய பெருமை பெடல் இல்லாததால் வந்தது இல்லை.

தாளக்கட்டு, நீங்கள் எதற்குக் கைதட்டுகிறீர்கள்? அந்த மேடையில் ட்ரம்ஸும் இல்லையே!

பழையபாட்டு:
பகலில் பாடியது கணக்கில் வராது அம்மா. உலகம் பேசுவது மாலையில் பாடியதைத்தான்.

நீலாம்பரி:
கணக்கில் வராமல் எப்படிப் போகும்? பகலில் பாடியவர் அங்கேயே இருந்ததால்தான் கூப்பிட முடிந்தது.

பழையபாட்டு:
வராது என்றால் வராது. நான் அன்றைக்கு ஒளிபரப்பில் பார்த்தவன். நீங்கள் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

தாளக்கட்டு:
கதையை வேறு பக்கம் இழுக்க வேண்டாம். ஐந்தாவது சுற்றுக்குப் பதில் சொல்லுங்கள். வாசிப்பவர் கை கருவியில் இல்லை, ஒலி மட்டும் வருகிறது. இது நேரடியா?

நீலாம்பரி:
பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். பெடலில் நடப்பது உங்களுக்குத் தெரியவில்லை என்று ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஐந்தாவது சுற்றில் என் கை சும்மா இருப்பதில்லை. அடியில் ஓடும் தட்டுக்கு மேல் புதிய அடுக்கைச் சேர்க்கிறேன். எட்டாவதில் ஒன்றை நிறுத்துகிறேன். பல்லவி திரும்பும்போது எல்லாவற்றையும் ஒரே மிதியில் அறுத்துவிட்டு வெறும் குரலில் நிற்கிறேன். அந்த மௌனத்தை எந்த இடத்தில் வைப்பது என்று அன்றைய கூட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். புவெனஸ் ஐரிஸிலிருந்து வந்த ஹுவானா மோலினா இதை எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறார் என்று ஒரு தடவை கேளுங்கள். சுற்று ஒன்றாகத்தான் இருக்கும், அதற்கு மேல் அவர் குரல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

"குழு வைக்காமல் ஏன் தனியாக?" என்று அடுத்துக் கேட்பீர்கள், அதற்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 2005 வரை, பொதுக் கேளிக்கை உரிமம் இல்லாத பப்பில் (மதுக்கூடத்தில்) இரண்டு பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது. நியூயார்க்கில் 1980-களின் பாதிவரை, காபரே உரிமம் (ஆடல்பாடல் நடத்த நகரம் தரும் அனுமதி) இல்லாத சின்ன இடங்களில் ட்ரம்ஸும் ஊதுகருவியும் வாசிக்க அனுமதி இல்லை. நீதிமன்றம் போய்த்தான் அது மாறியது. ஆக, ஒரு கிட்டாரோடு தனியாகப் பாடுவது வெறும் ஆசையில் வந்த பழக்கம் இல்லை. சட்டமும் இடநெருக்கடியும் அரங்குக்காரர் கொடுக்கும் தொகையும் சேர்ந்து செய்தது. ஓர் இரவுக்குக் கிடைப்பதை ஐந்தாகப் பிரித்தால் வீடு திரும்பும் வண்டிக்குக்கூடத் தேறாது. கனடாப் பாடகி ஜோனி மிட்செலுக்குச் சிறுவயதில் போலியோ வந்து இடது கையில் பலம் குறைந்தது. அதனால் கிட்டாரின் சுருதியையே மாற்றிக் கட்டினார், புதிய ஒலி பிறந்தது. இல்லாமையிலிருந்து வழி கண்டுபிடிப்பதைக் குறை என்று சொல்கிறவர்கள் இசையைக் கேட்கவே இல்லை.

தாளக்கட்டு:
இங்கிலாந்தில் அந்தச் சட்டம் போய்விட்டது. 2012-இல் இன்னும் தளர்த்தினார்கள். 200 பேர் வரை வரும் மதுக்கூடத்தில் இரவு 11 மணிவரை ஒலிபெருக்கியோடு வாசிக்கலாம் என்றார்கள். 2015-இல் அது 500 ஆனது. அப்புறமும் ட்ரம்மர்களைக் கூப்பிடாமல் பெடலை மிதிப்பது ஏன்? எனக்குத் தெரிந்து மூன்று நல்ல ட்ரம்மர்கள் மேடை கிடைக்காமல் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள். இதைச் சொன்னால் பெண்களுக்கு எதிரி என்கிறீர்கள்.

சபைக்குருவி:
அண்ணா, அப்படியானால் உங்கள் கோபம் பெடல் மேலா, மேடை கிடைக்காததன் மேலா?

தாளக்கட்டு:
தம்பி, நீ நடுவில் வராதே.

நீலாம்பரி:
வரட்டும், நன்றாகத்தான் கேட்டார். அந்த மூன்று பேருக்காக எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அவர்கள் மேடையை நான் பறிக்கவில்லை. குழுவாகப் பாடிய காலத்தில், இரண்டு வருடம், பாட்டு எழுதியது நான். நிகழ்ச்சி முடிந்ததும் ஆட்கள் வந்து கைகுலுக்கியது ட்ரம்மரிடம். "பாட்டு அருமை" என்று அவரிடம் சொன்னார்கள், அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்துதான் பெடல் வாங்கப் பணம் சேர்த்தேன்.

1990-களின் பாதியில் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் இரண்டு பெண்களை அடுத்தடுத்து மேடையேற்றவே தயங்கினார்கள். கனடாப் பாடகி சாரா மெக்லாக்லன் அதை எதிர்த்து 1997-இல் லிலித் ஃபேர் என்று பெண் கலைஞர்களை முன்னிறுத்தி ஒரு சுற்றுப்பயணத்தையே நடத்திக் கூட்டத்தைக் காட்டினார். அரங்கு நடத்துகிறவர் ஒருவர் எனக்கு எழுதிய பதிலில் "இந்த மாதம் ஏற்கெனவே ஒரு பெண் பாடுகிறார்" என்று இருந்தது. இது போன மாதம். ஆண்களுக்கு யாராவது அப்படி எழுதுவார்களா?

ஒலிப்பலகை:
லிலித் ஃபேரில் பாடியவர்கள் பலர் முழு வாத்தியக் குழுவோடு வந்தவர்கள். லூப் பெடலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நீலாம்பரி:
மேடை யாருக்குக் கிடைக்கிறது என்பதற்குச் சம்பந்தம். கேபிளைத் தவிர வேறெதுவும் உங்கள் கண்ணில் படாதா?

ஒலிப்பலகை:
இந்தப் பேச்சுக்குத்தான் போன வருடமும் நான் விலகினேன். மானிட்டர் விஷயத்தில் திட்டியதில் ஒரு வார்த்தையைக்கூட நீங்கள் இன்றுவரை திரும்பப் பெறவில்லை.

பழையபாட்டு:
மாலை நிகழ்ச்சிதான் கணக்கு. அதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், நான் போய்விடுகிறேன்.

நீலாம்பரி:
ஒப்புக்கொள்ள மாட்டேன் ஐயா. இரண்டு தடவையும் பாடினார், இரண்டும் கணக்குதான்.

தாளக்கட்டு:
ஆயிரம் எழுதினீர்கள். அடியில் ஓடும் அந்தத் தட்டு, ஐந்தாவது சுற்றில், யார் வாசிக்கிறார்கள்? பெயர் சொல்லுங்கள்.

நீலாம்பரி:
நான். முதல் சுற்றிலும் நான், ஐந்தாவதிலும் நான், அறுக்கும்போதும் நான். இன்றைக்கு எட்டு மணிக்கு மேடை, சவுண்ட் செக்குக்குக் கிளம்ப வேண்டும். இரவு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

தாளக்கட்டு:
போய் வாருங்கள். முதல் சுற்றில் நீங்கள், ஐந்தாவதில் பெடல்.