ஒரே மாவட்டத்தில் மூன்று 'நோவா வெஸ்', தமிழில் எப்படி எழுதுவது?

செக் நாட்டின் விசோச்சினா பகுதியில் உள்ள ஹவ்லீச்கூவ் பிரோட் மாவட்டத்துக்குத் தமிழில் ஊர்ப்பட்டியல் போடுகிறேன், மொத்தம் 120 நகராட்சிகளும் கிராமங்களும். மூன்று வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

'நோவா வெஸ்' என்றால் புதிய ஊர், நம்ம புதூர் மாதிரி. நம்ம ஊரிலேயே எத்தனை புதூர்! இங்கே அந்தப் பெயரில் மூன்று தனித்தனி ஊராட்சிகள். செக்காரர்கள் 'ஊ ஹொத்யெபோர்ஷே', 'ஊ லெஷ்தினி', 'ஊ ஸ்வெத்லே' என்று பக்கத்து ஊரைச் சேர்த்துப் பிரிக்கிறார்கள். 'ஊ' என்றால் அருகே, ஆனால் அது வந்ததும் ஊர்ப்பெயரின் கடைசியும் மாறிவிடும் (ஹொத்யெபோர்ஷ், ஹொத்யெபோர்ஷே ஆவது அப்படித்தான்).

மாவட்டப் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுப் பார்த்தேன், மூன்றும் ஒரே மாவட்டம் என்பதால் பயனில்லை. தானியங்கி எழுத்துமாற்றி 'சோடெபோர்' என்று தந்தது. அப்புறம் 1, 2, 3 என்று எண் போட்டேன், எனக்கே குழம்பிவிட்டது.

செக் ஒலியை அப்படியே வைத்து 'நோவா வெஸ் ஊ ஹொத்யெபோர்ஷே' என்று எழுதலாமா, இல்லை 'ஹொத்யெபோர்ஷ் அருகே நோவா வெஸ்' என்று மாற்றலாமா?