லாட்ஜ் டிவியில் நம் ஃபயர் ஸ்டிக்: வைஃபை ஏறவில்லை, வழி சொல்லுங்கள்

ஆரணி மகள்:

வணக்கம். அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து பதினோரு நாள் ஆகிறது. தினமும் பிசியோதெரபி இருப்பதால் இன்னும் மூன்று வாரம் வேலூரிலேயே தங்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆரணி சுமார் 40 கிலோமீட்டர்தான், ஆனால் இந்தக் காலோடு தினமும் பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியுமா? தோட்டப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் ரூம் எடுத்திருக்கிறோம்.

ரூமில் 32 இன்ச் டிவி, சுவரோடு ஒட்டி மாட்டியிருக்கிறது. கேபிளில் வருவது பெரும்பாலும் இந்தியும் வங்காளமும். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வருபவர்கள்தான் இந்தத் தெருவில் அதிகம், அதனால் அது நியாயம்தான். ஆனால் அம்மாவுக்குத் தமிழ் சீரியல் வேண்டும். முப்பது வருஷம் தறிக்குழியில் கால் மிதித்தவர், இப்போது அதே காலை மடக்கப் பயப்படுகிறார். எண்ணிச் செய்யச் சொன்னால் ஐந்தோடு நிறுத்திவிடுவார். ஒரு நாள் என் போனில் சீரியல் போட்டுக் கொடுத்தேன், பார்த்துக்கொண்டே இருபது தடவை மடக்கிவிட்டார். ஆனால் புரை ஆபரேஷன் செய்த கண். போனை அரை மணி நேரத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை.

டிவியில் சொருகி, நெட் வழியாக சீரியல் பார்க்கும் ஃபயர் ஸ்டிக்கைத் தம்பி எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். டிவிக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்டிக் நுழைய இடமில்லை. கேபிளிலிருந்து ஸ்டிக்குக்கு மாற்றும் சோர்ஸ் பட்டனே ரூம் ரிமோட்டில் கிடையாது. லாட்ஜ் வைஃபையில் ரூம் நம்பரும் ஓடிபியும் கேட்கும் பக்கம் போனில் வருகிறது, ஸ்டிக்கில் வரவில்லை. என் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் தினசரி 2 ஜிபி ஒரே சாயங்காலத்தில் தீர்ந்துவிடுகிறது. யாராவது இப்படித் தங்கியிருந்தால் சொல்லுங்கள்.

காட்பாடி டிவி சர்வீஸ்:

அம்மா சீக்கிரம் எழுந்து நடக்கட்டும் தங்கச்சி.

ஸ்டிக் வந்த பெட்டியிலேயே விரல் நீளத்துக்கு ஒரு எச்டிஎம்ஐ வயர் (ஸ்டிக்கை டிவியோடு இணைப்பது) இருந்திருக்கும். பலர் அதைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் கடையில் எச்டிஎம்ஐ எக்ஸ்டென்ஷன் என்று கேளுங்கள். ஒரு முனையில் ஸ்டிக் சொருகுகிற மாதிரி இருக்க வேண்டும், அதைப் பார்த்து வாங்குங்கள். கரண்டை டிவியின் யூஎஸ்பியில் எடுக்க வேண்டாம். பல டிவிகளில் அது போதாமல் ஸ்டிக் அடிக்கடி அணைந்து எழும். கூட வந்த அடாப்டரையே பிளக்கில் போடுங்கள்.

சோர்ஸுக்கு டிவியின் அடிப்பக்கம் அல்லது வலது ஓரம் தடவிப் பாருங்கள், ஒரு பட்டன் இருக்கும். சில டிவிகளில் ஸ்டிக் ரிமோட்டின் ஹோம் பட்டனை அமுக்கினாலே தானாக அந்த எச்டிஎம்ஐக்கு மாறிவிடும்.

வைஃபைக்கு: ஸ்டிக்கில் அந்தப் பெயரை ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டுத் திரும்பச் சேருங்கள். ஃபயர் ஸ்டிக்கில் அந்த லாகின் பக்கம் டிவியிலேயே திறக்கும், ரிமோட்டால் எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். பொறுமையாகச் செய்யுங்கள். போனில் ஓடுவதை வைஃபை வழியாக டிவிக்கு அனுப்பும் ‘காஸ்ட்’ செய்யப் பார்க்காதீர்கள். இந்த மாதிரி வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பெரும்பாலும் பூட்டியிருப்பார்கள்.

வாணியம்பாடி லெதர்:

தோல் வியாபாரத்துக்காக மாதத்தில் பத்து நாள் கான்பூரில் இருப்பவன் நான். அவர் சொன்னது எல்லாம் சரி. டேட்டா விஷயம் மட்டும் நான் சொல்கிறேன்.

நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். அடுத்த தரத்துக்குக் குறைத்தால் முக்கால் ஜிபிக்குள் அடங்கும். 32 இன்ச்சில் கட்டிலிலிருந்து பார்க்க அது தாராளம். மற்ற ஆப்களிலும் தரத்தைக் குறைக்கும் இடம் இருக்கும், தேடி மாற்றுங்கள். ஸ்டிக்கின் செட்டிங்ஸில் எவ்வளவு டேட்டா போகிறது என்று காட்டும் ‘டேட்டா மானிட்டரிங்’ என்று ஒன்று உண்டு, அதையும் போட்டு வையுங்கள். ஹாட்ஸ்பாட்டுக்கு வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்தால் ஸ்டிக் கேட்காமலே சேர்ந்துகொள்ளும்.

பிளானையும் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் பிளான் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான், டிவியில் ஓடாது.

இன்னொன்று, இதை நான் மனசாரச் சொல்கிறேன்: ரூம் டிவி ஸ்மார்ட் டிவியாக இருந்தாலும் அதில் உங்கள் பாஸ்வேர்டைப் போடாதீர்கள். கான்பூரில் ஒரு ஹோட்டலில் டிவியைப் போட்டதும் யாரோ ஒரு குடும்பத்தின் கணக்கு திறந்தபடி இருந்தது. பிள்ளையின் பெயர், படம் எல்லாம். எனக்கு உடம்பு கூசிவிட்டது. நானே லாக் அவுட் செய்தேன். அவசரத்துக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால், கிளம்பிய பிறகு போனிலிருந்து ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ கொடுத்துவிடுங்கள்.

ஆரணி மகள்:

இருவருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. பட்டன் டிவிக்கு அடியில்தான் இருந்தது, தூசிக்குள். வயர் லாங்கு பஜாரில் கிடைத்தது. லாகின் பக்கம் இரண்டாம் தடவை திறந்தது, ஆனால் உள்ளே விடவில்லை. கீழே கேட்டால் ஒரு ரூமுக்கு இரண்டு கருவிதானாம். என் போனையும் தம்பி போனையும் முன்பே சேர்த்திருந்தோம். தம்பியுடையதை எடுத்ததும் ஏறிவிட்டது.

நேற்று சன் நெக்ஸ்ட் ஆப்பில் அம்மாவின் சீரியல் இரண்டு எபிசோட். முதல் எபிசோட் முடிவதற்குள் இருபத்தைந்து தடவை மடக்கினார். நான் எண்ணுவது அவருக்குத் தெரியாது.

பக்கத்து ரூமில் ஒரு வங்காள அம்மா, கணவர் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறார். சத்தம் கேட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை புரியாது, அம்மா கையைக் காட்டியே கதை சொல்கிறார். பதிலுக்கு அவருடைய சீரியல் போட்டுக் காட்ட ஆசை. எதில் வரும்?

வாணியம்பாடி லெதர்:

ஸ்டார் ஜல்ஷா சீரியல் என்றால் ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ பங்களா என்றால் ஜீ5இல். சேனல் பெயரை மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்பாடி டிவி சர்வீஸ்:

ரூம் காலி செய்யும்போது ஸ்டிக்கோடு அந்தச் சின்ன வயரையும் அடாப்டரையும் மறக்காமல் கழற்றுங்கள் தங்கச்சி. டிவிக்குப் பின்னால் இருப்பதால் கண்ணில் படாது.