ஏசிஎல் ஆபரேஷனுக்கு அப்புறம் முட்டியில தொற்று: மாத்திரை போதுமா, கழுவணுமா?

கரூர்க்காரன்: தம்பி கபடி ஆடுறவன். முட்டியை உறுதியாப் பிடிச்சிருக்கிற ஏசிஎல் நாருக்குப் பதிலா தொடைத் தசைநார் எடுத்து வச்சாங்க. வத்தின வீக்கம் ரெண்டாவது வாரத்துல திரும்ப வந்திருக்கு. முட்டி சுடுது, ராத்திரியில லேசா காய்ச்சல். தையல் சுத்தமாத்தான் இருக்கு. டாக்டர் உடனே உள்ள கழுவணும்ங்கறார். மறுபடியும் ஆபரேஷனான்னு அம்மா அழறாங்க.

மணிவண்ணன்: அவசரப்படாதீங்க தம்பி. ஆபரேஷன் பண்ணின முட்டி வீங்கத்தான் செய்யும். ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் போட்டுப் பாருங்க.

பிசியோ செல்வி: மணிவண்ணன் சார், தயவுசெஞ்சு இப்படிச் சொல்லாதீங்க. வத்தின வீக்கம் திரும்ப ஏறுறது நல்லதில்ல. சிஆர்பியும் (அழற்சியைக் காட்டுற ரத்தப் பரிசோதனை) ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்கிட்டே வரணும். திரும்ப ஏறினா தொற்றைத்தான் முதல்ல சந்தேகப்படணும். மாத்திரைக்கு முன்னாடி ஊசி போட்டு முட்டி நீரை எடுத்து கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பாக்குற சோதனைக்கு அனுப்பணும். மாத்திரை உள்ள போயிட்டா கிருமி வளராமப் போகலாம், எந்த மருந்து கேக்கும்னே தெரியாது.

மணிவண்ணன்: கல்ச்சர் சரி, ஒத்துக்கறேன். ஆனா திறந்தா வச்ச நாரையும் எடுத்துடுவாங்களே? பையன் ஆட்டம் அதோட போச்சு.

ஆர்த்தோ பிஜி: நேர்மாறு சார். தள்ளிப்போட்டாத்தான் நார் போகும். இதுல அதிகம் வர்றது தோல்ல குடியிருக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைகள். அதுல எபிடெர்மிடிஸ் மெதுவா வேலை காட்டும், அதனால காய்ச்சல் லேசா இருக்கு, தையல் சுத்தமா இருக்குன்னு ஏமாந்துடக் கூடாது. நாரைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ மேலயும் நூல் மேலயும் கிருமி படலம் கட்டிட்டா மாத்திரையால மட்டும் அழிக்க முடியாது. ஆர்த்ரோஸ்கோப்பில (சின்னத் துளை வழியா உள்ள விடுற கேமரா) லிட்டர் கணக்கா சலைன் ஓட்டி, கெட்ட சவ்வைச் சுரண்டி எடுப்பாங்க. பிறகு ஊசி, மாத்திரைன்னு சுமார் ஆறு வாரம். சீக்கிரம் கழுவினா பெரும்பாலும் நாரைக் காப்பாத்திடலாம். அமெரிக்க ஃபுட்பால் வீரர் டாம் பிரேடிக்கு 2008ல ஏசிஎல் வச்ச பிறகு இதே தொற்று வந்தது. உள்ள கழுவி ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க, 2009ல திரும்ப ஆடினார்.

மணிவண்ணன்: அவருக்கு வசதி இருந்தது. இங்க ஆறு வாரம் ஊசிக்கு யார் செலவு பண்றது?

ஆர்த்தோ பிஜி: செலவு பெரிய கவலைதான், மறுக்கல. கல்ச்சர்ல கிருமி தெரிஞ்சு, சிஆர்பியும் இறங்கினா, பாதியில மாத்திரைக்கு மாத்திடலாம். குருத்தெலும்பு போயிட்டா எவ்வளவு செலவு பண்ணினாலும் பழையபடி வராது. தொற்று அதைச் சில நாள்லயே அரிக்க ஆரம்பிச்சுடும்.

கரூர்க்காரன்: நீர் எடுத்தாச்சு. மஞ்சளா, கலங்கலா இருந்தது. சாயங்காலம் கழுவுறாங்க. ஒரு தடவையில அடங்கலேன்னா?

ஆர்த்தோ பிஜி: ரெண்டாவது, மூணாவது தடவை கழுவ வேண்டி வரலாம், பயப்படாதீங்க. அப்பவும் அடங்கலேன்னா நாரை எடுத்துத்தான் ஆகணும். தொற்று முழுசா போன பிறகு, சில மாசம் கழிச்சு வேற நார் வைக்கலாம்.