அஸ்பெஸ்ரஸ் கூரை வீட்டில் வெக்கையைத் தடுக்க எங்கிருந்து தொடங்குவது?

உப்புவெளி வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. 2006 இல் கட்டியது; ஆறு அங்குலச் சீமெந்துக் கல் சுவர், அஸ்பெஸ்ரஸ் கூரை, மூன்று அறைகள். ஓர் அறைக்கு மட்டுமே சீலிங் உண்டு. மற்ற இரண்டிலும் கட்டிலில் படுத்து அண்ணாந்தால் கூரைச் சீற்றின் அடிப்பக்கம்தான் தெரியும். வைகாசியில் தென்மேற்குக் காற்றான கச்சான் வீசத் தொடங்கினால் ஆவணி முடியும் வரை, காலை பதினொரு மணிக்குப் பிறகு அந்த அறைகளில் இருக்க முடிவதில்லை. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகத் தேவையில்லை, எங்கள் வீட்டுக்கு வந்தாலே போதும் என்று உறவினர்கள் பகிடி பண்ணுகிறார்கள்.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தில், அவரைப் பகல் முழுவதும் வேப்பமரத்தின் கீழ்ச் சாய்மனைக் கதிரையில் இருத்தி வைத்திருந்தோம். ஆகவே மின்சாரத்தை நம்பாத ஒரு வழியே முதலில் வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதுவரை மூவர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். பெயின்ற் அடிப்பவர், கூரையைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்துவிட்டு வெள்ளை அடிக்கலாம் என்கிறார். கட்டடப் பொருள் கடைக்காரர் ரிஜிபோம் சீலிங் போதும் என்கிறார். கொழும்பிலுள்ள மைத்துனர், கண்ணாடிப் பஞ்சு இல்லாமல் எதுவும் பலிக்காது என்கிறார். இந்த வருடம் என் கையிலுள்ள பணம் இவற்றில் ஒன்றுக்கே காணும். இவற்றோடு மேற்குச் சுவர் வேறு, மாலை ஆறு மணிக்கும் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது. தம்பியோ அம்மாவின் அறைக்கு ஏசி பூட்டிவிடலாம் என்று நிற்கிறார். எதை முதலில் செய்வது?

உவர்மலைக் கிழவன் எழுதியது:

தங்கச்சி, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னர் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்பித் தூரிகையோடு யாரையும் கூரையில் ஏற விடாதீர்கள். அஸ்பெஸ்ரஸ் சீற் சும்மா கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. காய்ந்த நிலையில் தேய்த்தாலோ, அறுத்தாலோ, துளையிட்டாலோ அதன் நார் தூசாகப் பறக்கும். அந்த நார் எந்த வகையாக இருந்தாலும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்திய விடயம், அந்தத் தூசு விழப்போவதோ உங்கள் அம்மாவின் கட்டிலில். பாசியை எடுக்கத்தான் வேண்டும் என்றால், பாசி கொல்லும் மருந்தை அடித்துச் சில நாள் விட்டு, சீற்றை நன்றாக நனைத்து, ஈரம் காயாமலே மென்மையான தும்புத்தடியால் வழித்து எடுக்கலாம். ஏறுபவர் சீற்றில் நேரே மிதிக்காமல், ஆணி வரிசைக்கு மேலாகப் பலகை போட்டு அதில் நிற்க வேண்டும். பழைய சீற் உடைந்து ஆள் உள்ளே விழுவதை முப்பது வருடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேலையில் ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. அந்த அறையில் உங்களை வாட்டுவது காற்றின் சூடு மட்டுமன்று. வெப்பமானி 34 பாகை காட்டும்போதும் உடம்பு அதைவிட அதிகமாக உணர்வதற்குக் காரணம், சீற் தன் அடிப்பக்கத்தால் கண்ணுக்குத் தெரியாத அனலை நேரே உங்கள்மேல் வீசிக்கொண்டிருப்பதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்சி வெயிலில் சீற் 60 பாகையிலும் கீழேயுள்ள பொருட்கள் 35 பாகையிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், கதிர்வீச்சாக மட்டும் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 வாற் கீழே இறங்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை 11 சதுர மீற்றர் வரும். ஆகவே 1,600 வாற்றுக்கு மேல். ஒன்றரை ஸ்திரிக்கைப் பெட்டியைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்தது போன்றது அது.

சீற்றுக்கும் அறைக்கும் இடையில் பளபளப்பான அலுமினியத் தாளைக் கட்டினால், அந்த 150 வாற் பத்து வாற்றளவுக்குக் குறைந்துவிடும். அலுமினியம் சூட்டை விழுங்கிக்கொண்டு இருப்பதால் அல்ல. பளபளப்பான பரப்பு தான் சூடானாலும் அதை அனலாக வெளியே விடாது என்பதால். சூடான காற்று மேலேயே தங்க விரும்புமாதலால் கூரையிலிருந்து கீழ்நோக்கி வரும் வெப்பத்தில் கதிர்வீச்சே பெரும்பங்கு, ஆகவே நம் ஊர்க் கூரைகளுக்கு இந்தத் தாள் தடித்த பஞ்சைவிடக் குறைந்த செலவில் நிறையச் செய்யும். ஆனால் தாளுக்கு ஒரு பக்கத்திலாவது ஓர் அங்குலமேனும் காற்று இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் எதனோடாவது ஒட்டிக்கொண்டால் அது வெறும் தகடு, சூட்டை அப்படியே கடத்திவிடும். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பான தாளென்றால் அந்தப் பக்கத்தைக் கீழ்நோக்கி வையுங்கள், மேல்நோக்கி வைத்தால் தூசு படிந்து இரண்டு வருடத்தில் பயன் போய்விடும். கைமரங்களின் அடிப்பக்கத்தில் அதைக் கட்டினால் சீற்றில் ஒரு துளையும் இடவேண்டியதில்லை. சீமெந்துச் சாந்து படும் இடங்களில் தாளை விலக்கி வையுங்கள், ஈரச் சாந்து அலுமினியத்தை அரித்துவிடும்.

மேற்குச் சுவருக்கு உள்ளே எதுவும் ஒட்டிப் பணத்தைக் கரைக்காதீர்கள். வெயில் சுவரில் படாமல் செய்வதே அதற்கு மருந்து. சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளிப் பந்தல் போட்டுப் புடோலோ பாகலோ ஏற்றிவிடுங்கள். வசதியிருந்தால் சுவரோடு ஒரு சாய்ப்புக் கூரைப் பத்தி இறக்குங்கள். இன்னொன்று, வெயில் தெற்கிலிருந்துதான் அடிக்கும் என்ற எண்ணம் நமக்குச் சரிவராது. திருகோணமலை வட அகலக்கோடு எட்டரைப் பாகைக்குச் சற்று மேல் இருப்பதால் சித்திரை நடுப்பகுதியிலும் ஆவணிக் கடைசியையொட்டியும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். இடைப்பட்ட மாதங்களில், அதாவது சரியாகக் கச்சான் காலத்தில், அது வடக்குப் பக்கமாகவே நிற்கும். வடக்கு யன்னல்களுக்கும் மறைப்பு வேண்டும்.

கிண்ணியாக்காரன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். பெரியவர் சொன்னதோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு, ஒரு விடயத்தைத் தவிர. வெயிலைக் கூரைக்கு வெளியிலேயே திருப்பி அனுப்புவதை அவர் ஏன் பேசாமல் விட்டார் என்று தெரியவில்லை. புதிய வெள்ளைப் பூச்சு வெயிலில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பாசியும் தூசும் படிந்து கறுத்த சீற் அதில் பாதியைக்கூட அனுப்பாது. அலுமினியத் தாள் சூடான கூரையின் அனலை மறைக்கிறது. வெள்ளைப் பூச்சோ கூரையைச் சூடாகவே விடுவதில்லை. கறையும் பாசியும் ஒவ்வொரு மாரியிலும் திரும்ப வருமாதலால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி அடிக்க வேண்டும் என்பது மட்டுமே அதன் குறை. சிலர் வெள்ளைக்குப் பதிலாக வெள்ளி நிறப் பெயின்ற் அடிக்கிறார்கள். அது தவறு. வெள்ளிப் பூச்சு வெயிலை ஓரளவு திருப்பினாலும், ஏறிய சூட்டை வெளியே விடுவதில் கஞ்சன்.

என்னுடைய அனுபவம் வேறு வகையான வீட்டில் கிடைத்தது. எங்களுடையது கொங்கிறீற் தட்டுக் கூரை. பகல் முழுவதும் குடித்த வெயிலை அது இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் கக்கத் தொடங்கும். நள்ளிரவு தாண்டியும் படுக்க முடியாது. ஒருவரை அழைத்துத் தட்டின் அடிப்பக்கத்தில் தாளுடன் சீலிங் அடிக்கச் சொன்னேன். அவர் தாளைத் தட்டோடு ஒட்டி, அதன்மேல் சீலிங் பலகையையும் இடைவெளி இல்லாமல் அறைந்துவிட்டுப் போய்விட்டார். மூன்று மாதம் கழித்தும் எந்த வித்தியாசமும் இல்லாததால் ஒரு மூலையைக் கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. பெரியவர் சொன்ன அந்த ஓர் அங்குலத்துக்காக நான் இரட்டிப்புச் செலவு செய்தவன் என்பதால் சொல்கிறேன், வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று அளந்து பாருங்கள்.

பிறகு தட்டுக்கு மேலேயே காப்பு வைத்தேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் ஆய்ந்து எழுதிய முறை அது: 25 மில்லிமீற்றர் பொலிஸ்ரைரீன் பலகையைப் பரப்பி, அதன்மேல் கம்பி வலை வைத்து மெல்லிய கொங்கிறீற் ஊற்றுவது. இப்போது தட்டு வெயிலைக் குடிப்பதே இல்லை. உங்கள் சீற் கூரைக்கு இது பொருந்தாது. தட்டு வீட்டுக்காரர் யாராவது இதைப் படித்தால் உதவும் என்றே எழுதினேன்.

ரிஜிபோம் பற்றி ஒரு சொல். வெப்பத்தை நன்றாகவே மறிக்கும். ஆனால் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், எறும்பு அதைக் குடைந்து கூடு கட்டும், குரங்கு கூரையில் குதிக்கும்போதெல்லாம் துகள் கொட்டும். திறந்த நிலையில் சீலிங்காக அதை விடுவது எனக்கு உடன்பாடில்லை.

மெல்பேர்ன் திருமலையான் எழுதியது:

பிறந்தது திருக்கடலூர், இருபது வருடமாக மெல்பேர்னில் வீடு திருத்தும் வேலை. அலுமினியத் தாள் பற்றிப் பேசும்போது இங்கு நடந்ததை அங்குள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2009 இல் அவுஸ்திரேலிய அரசாங்கம் வீடுகளுக்கு இலவசமாக வெப்பக் காப்பு இடும் திட்டத்தைத் தொடங்கியது. சில மாதங்களுக்குள் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் இருந்த வெக்கை தாங்காமல். தாளைப் பொருத்திய உலோக ஊசி மின்கம்பியைத் துளைத்ததும், தாள் முழுவதிலும் மின்சாரம் பாய்ந்ததும் அந்த மின்சாரச் சாவுகளில் சிலவற்றுக்குக் காரணம். 2010 பெப்ரவரியில் அந்தத் திட்டத்தில் தாள் பொருத்துவதையே நிறுத்தினார்கள்.

அம்மாவின் அறைக்கு மேலே பழைய வயர்கள் ஓடுமாயின், முதலில் ஒரு மின்னியலாளரைக் கொண்டு அவற்றைக் குழாய்க்குள் அடக்கி, கசிவைக் கண்டு தானே விழும் ஆளி இருக்கிறதா என்று பாருங்கள். வேலை நடக்கும் நேரம் முழுவதும் பிரதான ஆளி விழுத்தப்பட்டிருக்க வேண்டும். உலோக ஊசிக்குப் பதில் றீப்பைக் கட்டையை வைத்துத் தாளை இறுக்குவது நல்லது. வேலையையும் விடியற்காலையில் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

கண்ணாடிப் பஞ்சைப் பற்றி உங்கள் மைத்துனர் சொல்வது பிழையன்று, ஆனால் அது ஏசி அறைக்கே அதிகம் பொருந்தும். மெல்பேர்ன் போன்ற இடங்களில் அதைத் தடிப்பாக வைப்பது குளிர்காலத்தில் உள்ளிருக்கும் சூடு போகாமல் இருக்கத்தான். இங்குள்ள செய்முறைக் காணொளிகளைப் பார்த்து, ஈரம் தடுக்கும் தாளை அறைப் பக்கமாக வைத்துவிடாதீர்கள். திருமலையில் ஈரம் வெளியிலிருந்து குளிர்ந்த அறையை நோக்கி வருவதால் அது வெளிப்பக்கத்தில், சூடான பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சு நனைந்து பூஞ்சணம் பிடிக்கும்.

தம்பிக்கும் ஒரு பதில். வெறும் சீற்றின் கீழ் ஏசி பூட்டினால் அது அந்த ஒன்றரை ஸ்திரிக்கைப் பெட்டியோடு நாள் முழுவதும் மல்லுக்கட்டும். கூரையைத் திருத்திய பிறகு வேண்டுமா என்று பார்க்கலாம். வேண்டியிருந்தாலும் சிறியதே போதும்.

உப்புவெளி வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கம்பித் தூரிகைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் அறைக்கு முதலில் வயர் வேலை, பிறகு தாள், அதன் கீழ் சாதாரண சீலிங் என்று தீர்மானித்திருக்கிறேன். வெள்ளைப் பூச்சு அடுத்த பங்குனிக்கு. இரண்டு சந்தேகங்கள் மிச்சம். சீலிங்குக்கு மேலே சேரும் சூடான காற்று வெளியேற ஓட்டை விடச் சொல்கிறார் மேசன். புயல் வந்தால் அதனூடாகக் காற்றுப் புகுந்து கூரையைத் தூக்கிவிடாதா? வேலை தொடங்க இன்னும் ஆறு வாரம் ஆகும், அதுவரை அம்மாவுக்கு என்ன செய்யலாம்?

உவர்மலைக் கிழவன் எழுதியது:

கிண்ணியாத் தம்பி சரியாகவே பிடித்தார். வெள்ளைப் பூச்சை நான் வேண்டுமென்றுதான் பின்னுக்கு வைத்தேன். மாரிக்கு முன் அவசரமாக அடித்தால் ஒட்டாது. பங்குனி நல்ல காலம்.

மேசன் சொல்வது சரி. கிழக்கிலும் மேற்கிலும் உள்ள முக்கோணச் சுவர்களின் உச்சியில் சுவருக்கு ஒன்றாக ஒன்றரை அடிச் சதுரத் துவாரம் விட்டால், கச்சான் ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் சூட்டைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த அளவுத் துவாரத்தால் கூரை பறப்பதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் திறந்து மறுபக்கத்தை அடைத்து வைத்தால்தான் உள்ளே காற்று முட்டும். இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும். 1964 மார்கழிப் புயலில் இந்த ஊரில் கூரை பறந்ததைச் சிறுவனாகப் பார்த்தவன் நான். பிடிமானம் இல்லாத விளிம்புச் சீற்கள்தான் முதலில் போயின. ஆகவே தாள் கட்டும்போதே கைமரங்களைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டிகளையும் கொளுக்கி ஆணிகளையும் பாருங்கள். உப்புக் காற்றில் பதினெட்டு இருபது வருடம் நின்றவை பாதி துருவாகத்தான் இருக்கும். துவாரத்துக்குச் சாய்பலகை வைத்து, உட்பக்கம் துருப்பிடிக்காத வலை அடியுங்கள். இல்லையேல் மரநாய் குடியேறும். தாளையும் கிழிக்கும், நாற்றமும் தாங்காது.

ஆறு வாரத்துக்கு ஒரு வழி உண்டு. கலியாண வீட்டில் வெள்ளை கட்டுவதுபோல, கட்டிலுக்கு மேலே கைமரத்தின் கீழ் ஒரு தடித்த பருத்தித் துணியைச் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிவிடுங்கள். இடையில் ஒரு மறைப்பு வந்தாலே கதிர்வீச்சு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். விசிறியில் சிக்காத உயரத்தில் இருக்கட்டும், அதன் அடியில் விளக்கோ கொசுவர்த்தியோ கொளுத்த வேண்டாம். இரவில் யன்னல்களைத் திறந்துவிட்டு, காலை எட்டு மணிக்குப் பிறகு வடக்கும் மேற்கும் உள்ளவற்றைச் சாத்துங்கள். கடற்காற்று வரும் நாட்களில் கிழக்கு யன்னல் மட்டும் திறந்திருந்தால் போதும்.