கிணறுகளின் எண்ணிக்கையால் ஆளை அளக்கலாமா?

கேள்வி:
மூதூர்ப் பகுதியில் கிணறு திருத்தும் எங்கள் திட்டத்தில், மாத இறுதியில் முடித்த கிணறுகளின் எண்ணிக்கையை வைத்தே கள உத்தியோகத்தர்களுக்குப் புள்ளி இடுகிறார்கள். உவர் ஏறிய ஒரு கிணற்றை மூன்று முறை இறைத்து, அயலவர் குடித்துப் பார்த்துச் சரியென்னும் வரை காத்திருந்த சக உத்தியோகத்தர் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார். இது முறையா?

பதில் 1:
முறையன்று. ஓர் அளவையைக் கட்டுப்பாட்டுக்கான கருவியாக்கினால் அது நம்பகத்தன்மையை இழக்கும் என்று, பணக்கொள்கையை முன்வைத்து, பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட் 1975இல் சொன்னது இங்கும் பொருந்தும். இலகுவான கிணறுகளே முதலில் திருத்தப்படும்.

பதில் 2:
ஆயினும் எண்களை அறவே கைவிடாதீர்கள், அண்ணா. எண்ணில்லாத இடத்தில் மேலாளரின் விருப்பு வெறுப்பே அளவுகோலானதை நான் அனுபவித்திருக்கிறேன். ஆவணியில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது அதே கிணற்றின் மின்கடத்துதிறனை அளந்து (உவர்ப்பு அதில் தெரிந்துவிடும்), அதைத் திட்டத்தின் கணக்கில் எழுதுங்கள், ஆளின் கணக்கில் அல்ல.